பேசி முடிக்கப்பட்ட நான்கு சம்பவங்கள்: செட்டிநாட்டுத் தெரு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஊரின் ஒரே தெருவில், ஆடியில் தொடங்கி மறு பங்குனி வரை ஐந்து சம்பவங்கள் நடந்தன. ஐந்திலும் ஏறத்தாழ அதே இளைஞர்கள்தான் சம்பந்தப்பட்டிருந்தார்கள். முதல் நான்கும் பேசி முடிக்கப்பட்டன. ஐந்தாவதில் 19 வயது இளைஞர் ஒருவருக்குத் தோளிலும் வலது கையிலும் அரிவாள் வெட்டு விழுந்தது. வெட்டுப்பட்டவரின் குடும்பத்துக்கு வழக்கறிஞராக இருப்பவன் என்ற முறையில், மனு ரசீதுகள், மருத்துவமனைப் பதிவுகள், தெருவாசிகளிடம் கேட்டறிந்தவை ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன். ஐந்தாவது சம்பவம் திடீரென்று வெடித்த ஒன்றல்ல என்பதும், முந்தைய நான்கும் முடித்துவைக்கப்பட்ட விதமே அதற்கு வழிவிட்டது என்பதும் என் கருத்து.

சம்பந்தப்பட்டவர்களில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர். சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடைசெய்கிறது. ஊரின் பெயரைச் சொன்னால் அந்தச் சிறுவனை அடையாளம் காண்பது எளிது என்பதால் ஊரின் பெயரையும் எவருடைய பெயரையும் இங்கே தரவில்லை.

தெருவின் அமைப்பு

இந்தத் தெருவைப் புரிந்துகொள்ளாமல் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே போகப் போக வீடு விரியும். வெளிச்சமும் காற்றும் வளவின் திறந்த முற்றத்திலிருந்து வருவதால், பக்கச்சுவர்களில் சன்னல்கள் மிகக் குறைவு. இரண்டு வீடுகளின் பக்கச்சுவர்களுக்கு இடையே ஓடும் சந்து, ஆகவே, இருபுறமும் உயர்ந்த சுவர் மட்டுமே உள்ள நீண்ட பாதையாக இருக்கும். அந்தச் சந்தில் ஒருவர் சத்தம் போட்டால் வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்காது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு இவ்வீடுகள் எழும்பிய காலத்தில் ஒவ்வொரு திண்ணையிலும் கணக்குப்பிள்ளையோ பெரியவரோ வேலைக்காரரோ எந்நேரமும் இருந்தார்கள். தெருவைப் பார்த்துக்கொள்வதற்கென்று யாரையும் தனியே நியமிக்கத் தேவையிருக்கவில்லை.

இப்போது அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலும் கோவையிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, கோயில் திருவிழா என்றால் வருகிறார்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பதால், திண்ணைக்கு விளக்குப் போடுவதா, கம்பிக்கதவு வைப்பதா என்ற சிறிய முடிவுக்குக்கூடப் பலருடைய சம்மதம் வேண்டியிருக்கிறது. மீதமுள்ள வீடுகளில் வயதானவர்களும் வாடகைக்கு இருக்கும் சில குடும்பங்களும் வாழ்கிறார்கள். தெருவின் ஒரு முனையில் ஒரு பெட்டிக்கடை, மறுமுனையில் ஊருணி. இரண்டுக்கும் நடுவில், பூட்டிய வீடு ஒன்றின் அகலமான திண்ணை. அங்கேதான் அந்த இளைஞர்கள் கூடினார்கள்.

முதல் நான்கு

ஆடி மாதத்தில் ஓர் இரவு, திண்ணையில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் காலிப் பாட்டிலை எதிர்வீட்டுப் படியில் எறிந்து உடைத்தார்கள். அந்த வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி வெளியே வந்து, "குடிக்கிறதுக்கு வேற எடமாப்பா இல்ல, எந்திரிச்சுப் போங்கப்பா" என்றார். "ஒங்க வீட்டுத் திண்ணையா ஆச்சி? உள்ள போய்ப் படுங்க" என்று தொடங்கியது, காதால் கேட்க முடியாத வசவில் முடிந்தது. மறுநாள் ஆச்சி காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தார். மனு ஏற்பு ரசீது தரப்பட்டது. இளைஞர்கள் அழைக்கப்பட்டார்கள், கண்டிக்கப்பட்டார்கள், இனி இப்படி நடந்துகொள்ள மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மனு முடிக்கப்பட்டது.

இரண்டாவது சம்பவம் எந்தப் பதிவிலும் இல்லை. டியூஷன் முடிந்து ஊருணிக்கரை வழியாகத் திரும்பும் மாணவி ஒருவரை, அவர்களில் இருவர் பல நாட்கள் பைக்கில் பின்தொடர்ந்தார்கள். சந்துக்குள் வழிமறித்துச் சைலன்சரை அலறவிட்டார்கள். பின்தொடர்வதும் சொல்லாலும் சைகையாலும் பெண்ணை அவமதிப்பதும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78, 79ஆவது பிரிவுகளின்படி குற்றங்கள். பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998 முதலே தனிச்சட்டமும் இருக்கிறது. ஆனால் பெண்ணின் பெயர் ஊரில் அடிபடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். மாமா ஒருவர் போய் அந்தப் பையன்களில் ஒருவருடைய சித்தப்பாவிடம் பேசினார். பெண் டியூஷனை நிறுத்திக்கொண்டார். பேசி முடித்ததன் விலையை அந்தப் பெண் செலுத்தினார் என்பதை இந்த ஆய்வில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஐப்பசியில் பெட்டிக்கடையில் சிகரெட்டைக் கடனுக்குக் கேட்டு, கடைக்கார அம்மா மறுத்ததும், மிட்டாய் பாட்டில்களை எடுத்து உடைத்தார்கள்; ஒன்றை அவர்மீதே வீசினார்கள். கண்ணாடி கிழித்து உள்ளங்கையில் தையல் போட வேண்டியதாயிற்று. அரசு மருத்துவமனையில் எப்படிக் காயம் ஏற்பட்டது என்று கேட்டபோது, உடன் வந்தவர் முந்திக்கொண்டு பாட்டில் உடைந்து குத்திவிட்டது என்றார். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறியது. தெரிந்த நபர்கள் தாக்கியதாக அங்கே ஒரு வரி இருந்திருந்தால், காவல் நிலையத்துக்குத் தகவல் தானாகப் போயிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கோயில் வாசலில் கூடி, உடைந்த பொருளுக்கு விலை கட்டி, பையன்களின் வீட்டிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள்.

மார்கழியில், திண்ணையைவிட்டு இறங்கச் சொன்ன வாட்ச்மேனை அடித்தார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். முன்பல் ஒன்று உடைந்தது. சென்னையிலிருந்த வீட்டுக்காரரோ, மற்றப் பங்காளிகளைக் கேட்காமல் தான் எப்படிப் புகார் கொடுப்பது என்று தயங்கினார். வீட்டுக்காரர் கையெழுத்துத் தேவையே இல்லை. அடிபட்டவரே புகார் கொடுக்கலாம். நடந்ததை அறிந்த எவரும் கொடுக்கலாம். அதை அந்த முதியவருக்கு யாரும் சொல்லவில்லை. கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அதன்பின் அந்த வீட்டுக்கு ஆளே இல்லை. திண்ணை முழுக்க அவர்களுடையதாயிற்று.

சட்டத்தின் பார்வையில் அந்தச் சமாதானங்கள்

சமாதானமாகப் போவதை நான் குறை சொல்லவில்லை. அக்கம்பக்கத்துச் சண்டையை ஊரில் பேசித் தீர்த்துக்கொள்வது இந்த மண்ணின் நல்ல வழக்கங்களில் ஒன்று. நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறியிறங்கும் குடும்பங்களைத் தினமும் பார்ப்பவன் அதை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் எதைப் பேசி முடிக்கலாம், எங்கே முடிக்கலாம், யார் முடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. சாதாரணக் காயம் விளைவித்தல், அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவரே விரும்பினால் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். உடைந்த கண்ணாடி போன்ற ஆபத்தான பொருளால் காயம் விளைவித்தல், 118ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, சமரசத்துக்குரிய குற்றங்களின் பட்டியலிலேயே இல்லை. பல் உடைந்தால் அது சாதாரணக் காயமும் அல்ல. எலும்பு முறிவைப் போலவே பல் முறிவும் கொடுங்காயம் என்று 116ஆவது பிரிவு வகுக்கிறது, அதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கடைக்கார அம்மாவின் கையும் வாட்ச்மேனின் பல்லும் கோயில் வாசலில் விலை பேசக்கூடியவையாக இருக்கவில்லை.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், துணைக் காவல் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் ஆரம்ப விசாரணை நடத்த இடமளிக்கிறது. நிலையத்தில் எழுதி வாங்கப்படும் மன்னிப்புக் கடிதத்துக்கு இவற்றில் எங்கும் இடமில்லை. எழுதிக் கொடுத்தவர் அதை மீறினால் எந்த விளைவும் இல்லை என்பதை அந்த இளைஞர்கள் நம்மைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் மனு நிலையத்தில் இருந்தது; இரண்டாவது ஒரு குடும்பத்தின் மனத்தில் இருந்தது; மூன்றாவது கோயில் வாசலிலும், நான்காவது சென்னையில் ஒருவருடைய கைப்பேசியிலும் இருந்தன. நான்கையும் ஒருசேர அறிந்த ஒரே ஆள் இல்லை. மார்கழியில் பொறுப்பேற்ற உதவி ஆய்வாளரைக் கேட்டிருந்தால், அந்தத் தெருவில் ஒரே ஒரு மனு வந்து முடிந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்; அவர் வரையில் அது உண்மையும்கூட.

பங்குனி இரவு

அம்மன் கோயில் பூச்சொரிதலின்போது, பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் ஆடுவதில் இரண்டு கூட்டங்களுக்குள் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. விழாக்குழுவினர் விலக்கிவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து, வீட்டுக்குத் திரும்பிய 19 வயது இளைஞரைச் சந்துக்குள் மூன்று பேர் மறித்தார்கள். அரிவாள் அந்தப் பூட்டிய வீட்டின் திண்ணையிலேயே, தூணுக்குப் பின்னால், பல நாட்களாக இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. சந்தின் நடுவிலிருந்த ஒரே தெருவிளக்கும் எரியவில்லை. அவர் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. ரத்தத்தோடு தெருமுனை வரை நடந்துவந்து பெட்டிக்கடை வாசலில் விழுந்தார். உள்ளங்கையில் தையல் தழும்போடு இருந்த அதே அம்மாதான் சேலையைக் கிழித்துக் கையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்.

வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் வெவ்வேறு சமூகத்தவர் என்று மறுநாள் காலையிலேயே வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு பரவியது. அது பொய். இந்தப் பகுதியில் அத்தகைய பொய் என்ன செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். காவல் ஆய்வாளரும் இரு தரப்புப் பெரியவர்களும் அன்றே சேர்ந்து நின்று மறுத்தார்கள். இந்த முழு நிகழ்விலும் உரிய நேரத்தில் நடந்த ஒரே காரியம் அதுதான்.

கொலைமுயற்சி வழக்குப் பதிவாயிற்று. வயது வந்த இருவர் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றாமவனுக்கு 17 வயது. அவனையும் மத்திய சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று தெருவே கோபப்பட்டது. காயத்தைப் பார்த்தவர்களின் கோபம் அது, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் சட்டம் வேறு கணக்கில் போகிறது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்ற கேள்வி கொடுங்குற்றங்களில் மட்டுமே எழும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது கொடுங்குற்றம். கொலைமுயற்சிக்கு அதிகபட்சத் தண்டனை பெரிது, ஆனால் குறைந்தபட்சம் என்று ஒன்று விதிக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் 2020இல் இதைத் தெளிவுபடுத்தியது; 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்திலேயே எழுதிவைத்தது. ஆகவே அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிற்பான்.

குழுமத்துக்காக நன்னடத்தை அலுவலர் தயாரித்த சமூகப் பின்னணி அறிக்கைதான், இந்த ஐந்து சம்பவங்களையும் ஒரு மனிதனின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்த முதல் ஆவணம். அப்பா இல்லை. அம்மா சமையல் கான்ட்ராக்ட் மாஸ்டர் ஒருவரின் குழுவில் வேலை செய்பவர். முகூர்த்த நாட்களில் திருச்சி, மதுரை, கோவை என்று போய்விடுவார், வீட்டில் பையன் தனி. பதினோராம் வகுப்பில் தவறியபின் பள்ளிக்குப் போகவில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது; அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் அவனைவிட ஐந்தாறு வயது மூத்த அந்த இருவர். முதல் முறை பாட்டிலை எறிந்தது அவன் அல்ல. கடையில் வீசியது அவன். வாட்ச்மேனை அடித்ததில் அவனும் இருந்தான். ஆடி மாதத்தில் அவனிடம் கடிதம் வாங்கிய அன்றே, அவன் எங்கே தூங்குகிறான், யார் சோறு போடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும் என்று தோன்றுகிறது.

அதன்பின் செய்யப்பட்டவை

தெருப் பெண்கள் சிலர், ஆச்சியும் கடைக்கார அம்மாவும் முன்நிற்க, நடந்தவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதினார்கள்: மாதம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், ரசீது உண்டா இல்லையா. மாணவியின் சம்பவத்தைப் பெயரில்லாமல் எழுதினார்கள். அந்தத் தாள் துணைக் காவல் கண்காணிப்பாளரிடமும், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கப்பட்டது. அதைப் படித்தபின் காவல்துறை பேசிய விதம் மாறியது. அடையாளம் காணப்பட்ட மற்ற நான்கு பேர்மீது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டு, வருவாய்க் கோட்டாட்சியர் முன் விசாரணை நடந்தது. ஓராண்டு அமைதி காப்பதற்கான பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டது. நிலையத்துக் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பையன்களின் பெற்றோருக்கு நானே விளக்கினேன்: மீறினால் மீதமுள்ள காலத்துக்குச் சிறை.

குண்டர் சட்டத்தில் அடைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. குண்டர் சட்டம் என்று சொல்லப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டம் வழக்கமாகக் குற்றம் செய்பவருக்கானது. பொது ஒழுங்கே குலைந்தது என்று காட்ட வேண்டும். சட்டம் ஒழுங்குக் கேடு வேறு, பொது ஒழுங்குக் கேடு வேறு என்று உச்ச நீதிமன்றம் 1965இலேயே ராம் மனோகர் லோகியா வழக்கில் பிரித்துக் காட்டியிருக்கிறது. பதிவாகாத சம்பவங்களை வைத்து வழக்கமான குற்றவாளி என்று எப்படி நிறுவுவது? பேசி முடித்ததால் வந்த வினை இங்கேயும் தெரிந்தது. விசாரணையின்றி ஓராண்டு அடைத்துவைப்பதை நான் வேறு காரணத்துக்காகவும் எதிர்த்தேன்: அவர்கள் திரும்பி வரும்போது திண்ணையும் சந்தும் இருட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே பெரும் உழைப்பு தெருவின்மேல் செலவாயிற்று. மே 1ஆம் தேதிக் கிராம சபையில் விளக்குகளுக்கான தீர்மானம் நிறைவேறியது. ஆனால் சந்தில் கம்பம் நட இடமில்லை. பக்கச்சுவரில்தான் பொருத்த வேண்டும், அதற்கு வீட்டுக்காரர்களின் சம்மதம் வேண்டும். ஒரு வீட்டின் பங்காளிகள் அனைவரிடமும் கையெழுத்து வாங்க மாதக்கணக்கில் ஆயிற்று. இன்னொரு வீட்டில் இன்னும் முடியவில்லை. அரிவாள் இருந்த திண்ணைக்கு இரும்புக் கம்பிக்கதவு போட்டுவிடலாம் என்று அந்த வீட்டார் முன்வந்தபோது தெருவில் கருத்து பிளந்தது. மாலையில் அங்கே வந்து உட்காரும் முதியவர்களும் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்று ஆச்சி வாதாடினார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். கடைசியில் கதவு போடப்படவில்லை. அந்தப் பகுதியில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு நடத்திவந்த தன்னார்வலர் பெண், பிள்ளைகளை மாலையில் அந்தத் திண்ணைக்கு அழைத்துவரச் சம்மதித்தார். வகுப்பு நடக்கும் நாட்களில் அங்கே வேறு யாரும் வருவதில்லை. விடுமுறையில் வகுப்பு நின்றபோது, முதல் வாரத்திலேயே படியில் காலிப் பாட்டில்கள் கிடந்தன.

இன்றைய நிலை

கொலைமுயற்சி வழக்கு செசன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுச் சாட்சி விசாரணைக்குக் காத்திருக்கிறது. வெட்டுப்பட்டவரின் வலது கை விரல்கள் இரண்டு முழுதாக மடங்குவதில்லை. எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் அவர். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பித்திருக்கிறோம். வழக்கு முடியும் வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு கேட்கலாம் என்பது அவருடைய குடும்பத்துக்கு முதலில் தெரியாது. இத்தகைய பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

17 வயதுப் பையன் பிணையில் வேறோர் ஊரில் அப்பத்தா வீட்டில் இருக்கிறான். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருக்கிறான். மாணவியின் குடும்பம் அந்தத் தெருவழியை இன்னும் பயன்படுத்துவதில்லை; விளக்கு எரிந்தாலும் சுற்றித்தான் போகிறார்கள்.

வாட்ச்மேனை மானாமதுரைப் பக்கத்திலுள்ள அவருடைய ஊரில் தேடிப் பிடித்து, அவரே கையெழுத்திட்ட புகாரைக் கொடுத்திருக்கிறோம். தாமதத்துக்கான காரணத்தை அவருடைய வார்த்தையிலேயே அதில் எழுதினோம். கொடுங்காயப் பிரிவில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. பல் மருத்துவரின் சான்றுக்காக விசாரணை அதிகாரி காத்திருக்கிறார். பிணைப்பத்திரங்களின் ஓராண்டுக் காலம் அடுத்த பூச்சொரிதலுக்குச் சில வாரங்கள் கழித்து முடிகிறது. அதற்கு முன்பே விழாக்குழு, காவல் நிலையம், ஊராட்சி மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்று தெருப் பெண்கள் மனுக் கொடுத்து, ரசீதும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.